மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாமா? வன்னித் தாய் ஒருவரின் கடிதத்திற்குப் பதில்

புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஒரு தாய் எழுதிய கடிதத்தின் சாரம் இது:

"எனது மூத்த மகளுக்கு 12 வயது. டவுன் சின்ட்ரோமுடன் (அறிவு வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் ஒரு பிறவி நிலை) பிறந்தவள். பாடசாலையின் விசேட கல்வி அலகில் படிக்கிறாள். இன்னும் பெரியபிள்ளையாகவில்லை. உடல் வளர்ச்சி, மாதவிடாய், தன்னைக் காத்துக்கொள்ளல் ஆகியவற்றைப் படிப்பிக்கப் போவதாகச் சொல்லி, அலகின் ஆசிரியை பெற்றோரைக் கூட்டிச் சம்மதக் கடிதம் கேட்டார். பாதிப் பேர் மறுத்துவிட்டார்கள். 'ஒன்றும் அறியாத பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லிக் கெடுக்க வேண்டாம்' என்கிறார் என் கணவர். அதே வகுப்பில் 15 வயதுப் பையன் ஒருவன் எல்லோர் முன்னாலும் தன் உறுப்பைத் தொடுகிறான். பெண்பிள்ளைகளின் தாய்மார் பயந்துபோயிருக்கிறோம். 'வயதுக்கு வந்த பிறகு கருப்பையை எடுத்துவிட்டால் கவலை இல்லை' என்பது மாமியின் யோசனை. போன மாதம் உறவினரின் கலியாண வீட்டில், 'நானும் கூறை உடுப்பேன்' என்று மகள் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. நான் கையெழுத்து வைக்கலாமா?"

அன்புள்ள அம்மா,

கையெழுத்து வையுங்கள். ஆனால் அதற்கு முன் ஆசிரியையிடம் சில விடயங்களைக் கேட்டுத் தெளிய வேண்டும். அவற்றைப் பின்னால் எழுதுகிறேன். முதலில் உங்கள் கணவரின் அச்சத்திற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது அலட்சியத்தால் வந்த மறுப்பு அல்ல. விசேட தேவையுடைய பிள்ளைகளின் பெற்றோருடன் நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அதிகம் கேட்ட வார்த்தை இதுதான்: தெரியாமல் இருந்தால் பிள்ளை அப்படியே இருந்துவிடும், தெரிந்துவிட்டால் ஆசை வந்துவிடும்.

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு அமைப்பு 2009 இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டு, 2018 இல் அதைத் திருத்தியது. முறையான பாலியல் கல்வி பிள்ளைகளை உறவுக்கு அவசரப்படுத்துவதில்லை, சில இடங்களில் அதைத் தள்ளிப்போடவும் செய்கிறது என்பதே அந்த ஆய்வுகள் காட்டியது. எங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை அதைவிட எளிய காரணம் ஒன்றும் உண்டு: உடல் யாருடைய சம்மதத்துக்கும் காத்திருப்பதில்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள பெண்பிள்ளைகளும் ஏறத்தாழ மற்றப் பிள்ளைகளின் வயதிலேயே பெரியபிள்ளையாகிறார்கள். பெருமூளை வாதம் உள்ள சில பிள்ளைகளில் பருவ மாற்றம் முந்தியே தொடங்குவதும் உண்டு. எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஆற்றல் ஐந்து வயதுப் பிள்ளையினுடையதாக இருக்கலாம். மார்பு வளர்வதும், முகப்பரு வருவதும், ஒருவரைப் பார்த்து வெட்கப்படுவதும் 12, 13 வயதுக்கு உரியபடியே நடக்கும். இந்த மாற்றங்களைப் பற்றி எவரும் முன்கூட்டிச் சொல்லாத பிள்ளை, முதல் நாள் உதிரத்தைக் காணும்போது தனக்குக் காயம் பட்டுவிட்டது என்றோ தான் ஏதோ பிழை செய்துவிட்டது என்றோ நினைத்து நடுங்குகிறது.

'ஒன்றும் அறியாத பிள்ளை' என்ற சொல்லையும் சற்று ஆற அமர யோசித்துப் பாருங்கள். உங்கள் மகள் சாமத்திய வீடுகளுக்கு வந்திருப்பாள். அக்காமாருக்கு நீர் வார்த்ததையும், உழுத்தங்களி கிண்டிக் கொடுத்ததையும், சேலை உடுத்தி மாலை போட்டதையும் பார்த்திருப்பாள். பின்னேரத்துத் தொலைக்காட்சித் தொடர்களில் காதலையும் கலியாணத்தையும் நாளாந்தம் பார்க்கிறாள். யாருடையவோ கைத்தொலைபேசியில் எதையெல்லாம் பார்த்தாள் என்பது உங்களுக்கோ எனக்கோ தெரியாது. 'நானும் கூறை உடுப்பேன்' என்ற பிள்ளை ஒன்றும் அறியாத பிள்ளை அல்ல. அறிந்ததைச் சொல்லச் சொல் இல்லாத, கேட்க ஆள் இல்லாத பிள்ளை.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். வன்னியில் பிள்ளை வளர்த்த எங்களுக்குப் போர்க்காலம் ஒரு பாடத்தைக் கற்பித்துவிட்டுப் போயிருக்கிறது. பிள்ளையை ஒளித்து வைத்தால்தான் பிள்ளை மிஞ்சும் என்பதே அந்தப் பாடம். பதுங்குகுழிக்குள் வைத்தோம், உறவினர் வீடுகளில் மறைத்தோம், வயது வராத பிள்ளைகளுக்குத் தாலி கட்டி வைத்தோம். அன்று அதற்குக் காரணம் இருந்தது. அப்படிச் செய்த பெற்றோரை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் வேலிக்கு வெளியே இருந்து வரும் ஆபத்துக்குப் பழகிய அந்தக் காவல், வேலிக்குள்ளேயே இருக்கும் ஆபத்தை அறியாது. பிள்ளைகளைப் பாலியல் ரீதியில் துன்புறுத்துபவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்கும் வீட்டுக்கும் நன்கு தெரிந்தவர்கள். 2012 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, மாற்று வலுவுள்ள பிள்ளைகள் பாலியல் வன்முறைக்கு உட்படும் வாய்ப்பு ஏனைய பிள்ளைகளைவிட 2.9 மடங்கு அதிகம் என்றும், அறிவுசார் விருத்திக் குறைபாடு அல்லது மனநலப் பாதிப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது 4.6 மடங்கு என்றும் கணித்தது. இவ்வளவு வேறுபாடு ஏன் என்று கேட்டால், பிள்ளையின் குறைபாட்டை மட்டும் காட்டிவிட்டு நாம் தப்ப முடியாது. நாம் அவர்களை வளர்க்கும் விதமும் அதில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள் அம்மா. நடக்கமுடியாத பிள்ளையைத் தூக்குபவர், குளிப்பாட்டுபவர், உடுப்பு மாற்றுபவர், மலம் கழித்தபின் கழுவிவிடுபவர், ஓட்டோவில் ஏற்றி இறக்குபவர், பயிற்சிக்காகக் கைகால்களைப் பிடித்து நீட்டுபவர் என்று எத்தனை கைகள் அந்த உடலில் படுகின்றன! அந்தக் கைகளுக்கு இசைந்து கிடக்கும் பிள்ளையைத்தான் 'நல்ல பிள்ளை, கரைச்சல் இல்லாத பிள்ளை' என்கிறோம். உங்கள் மகளைப் போன்ற அன்பான பிள்ளைகளை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அனுப்பி, 'மாமாவுக்கு ஒரு கொஞ்சு குடு' என்கிறோம். கொடுத்தால் கைதட்டுகிறோம், முகத்தைத் திருப்பினால் ஏசுகிறோம். இவ்வாறு 12 வருடம் சொல்கேட்கப் பழக்கிய பிள்ளை, ஒருநாள் யாரோ ஒருவர் 'உடுப்பைக் கழற்று, அம்மாவிடம் சொல்லாதே' என்று சொல்லும்போது மட்டும் எப்படி மறுக்கும்? தீங்கு செய்ய நினைப்பவருக்கு நாமே பழக்கிக் கொடுத்த இந்தக் கீழ்ப்படிவு போதும். ஆகவே உங்கள் மகளுக்கு வேண்டிய பாலியல் கல்வி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், 'வேண்டாம்' என்று சொல்லவும் அந்தச் சொல்லை வீடு மதிக்கவும் பழகுவதில் என்பேன். அவள் கொஞ்ச மறுத்தால் விட்டுவிடுங்கள். குளிப்பாட்டும்போது 'இப்போது முதுகு தேய்க்கப்போகிறேன்' என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். முடிந்த இடத்தைத் தானே கழுவ விடுங்கள், நேரம் எடுத்தாலும் விடுங்கள்.

பாடசாலைகளில் 'நல்ல தொடுகை, கெட்ட தொடுகை' என்று படிப்பிப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அறிவுசார் விருத்திக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அது பெரும்பாலும் குழப்பத்தையே தரும். டொபி கொடுத்து, தலை தடவி, அன்பாகப் பேசிக்கொண்டு தொடுகிற கை பிள்ளைக்குக் கெட்டதாகத் தெரிவதில்லை. காய்ச்சலுக்கு ஊசி போடுகிற கைதான் கெட்டதாகத் தெரிகிறது. உணர்வை வைத்துப் பிரிக்கச் சொல்வதைவிட, யார், எங்கே, எதற்காக என்ற மூன்றையும் வைத்து உறுதியான விதியாகச் சொல்லுங்கள். சட்டை மூடுகிற இந்த இடங்களை, கழுவுவதற்காக அம்மாவும் அம்மம்மாவும் தொடலாம். நோய் பார்ப்பதற்காக அம்மா பக்கத்தில் நிற்கும்போது வைத்தியர் தொடலாம். வேறு எவரும், மாமாவோ, ஓட்டோ ஓட்டுபவரோ, ஆசிரியரோ, வகுப்புப் பிள்ளையோ தொடக்கூடாது. எவராவது தொட்டாலோ, தன்னுடையதைத் தொடச் சொன்னாலோ அன்றே அம்மாவிடம் சொல்ல வேண்டும். உடம்பைப் பற்றி ஒருவர் 'இது இரகசியம்' என்றால் அந்த இரகசியத்தைக் காப்பாற்றக்கூடாது. இவ்வளவுதான் விதி. ஒருநாள் சொல்லி முடிகிற காரியம் இது அல்ல. பொம்மையை வைத்து, படம் கீறி, நடித்துக் காட்டி, ஒரே சொற்களில் மாதக்கணக்காகச் சொல்ல வேண்டியிருக்கும்.

உறுப்புகளின் பெயரையும் கற்றுக்கொடுங்கள். வீட்டில் வழங்கும் செல்லப்பெயர் வீட்டுக்கு வெளியே எவருக்கும் விளங்காது. 'மாமா பூவைத் தொட்டார்' என்று பிள்ளை வந்து சொன்னால், கேட்பவர் முற்றத்துச் செவ்வரத்தையைத்தான் நினைப்பார். மார்பு, பெண்குறி, ஆண்குறி, பின்புறம் என்ற சொற்கள் மூக்கு, முழங்கால் என்பவற்றைப் போன்ற சொற்களே. முதல் சில நாட்கள் உங்கள் வாய்தான் கூசும். பிள்ளைக்கு அந்தக் கூச்சம் இல்லை. காது கேளாத பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினம், ஏனெனில் வீட்டில் பேசப் பயன்படுத்தும் சைகைகளில் இவ்வுறுப்புகளுக்குப் பெரும்பாலும் சைகையே இருப்பதில்லை.

தனிமை என்பதையும் காட்டித்தான் விளங்கப்படுத்த முடியும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டிலும், நாலு பக்கமும் திறந்த கிணற்றடியிலும் 'தனிமையான இடம்' என்றால் பிள்ளைக்கு என்ன புரியும்? பழைய சேலை ஒன்றைக் கயிற்றில் போட்டுத் திரையாக்குங்கள். உடுப்பு மாற்றுவது திரைக்குப் பின்னால், திரை மூடியிருந்தால் எவரும் கேட்காமல் வரக்கூடாது, அப்பாவும் தம்பியும் உட்பட என்று எல்லோரும் கடைப்பிடியுங்கள். வீட்டார் மீறுகிற விதியைப் பிள்ளை வெளியில் காப்பாற்றாது.

மாதவிடாய்க்கான ஆயத்தத்தை இப்போதே தொடங்கலாம். சுகாதாரத் துவாய் ஒன்றை உள்ளாடையில் ஒட்டி, மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் அணிந்து பழகட்டும். சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரைச் சிறிது ஊற்றிக் காட்டி, இது காயம் இல்லை, அம்மாவுக்கும் வருகிறது, நோய் இல்லை என்று சொல்லுங்கள். மாற்றுவது, சுற்றிப் போடுவது, கை கழுவுவது ஆகியவற்றை ஒவ்வொரு படியாகப் படம் கீறி மலசலகூடச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு, அவளுக்கும் நீர் வார்க்கும் நாள் வரும்போது, சடங்கைச் செய்வதும் விடுவதும் உங்கள் குடும்பத்தின் விருப்பம். ஆனால் தங்கைக்குச் செய்து இவளுக்கு மறைத்துவிடாதீர்கள். இன்னொரு விடயம்: கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 2017 முதல் எங்கள் பாடசாலைகளில் ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். தரம் என்ற கணக்குக்குள் வராத விசேட அலகுப் பிள்ளைகளும் பாடசாலைக்கே போகாத பிள்ளைகளும் அதில் விடுபட்டுப் போகலாம். உங்கள் மகளுக்குக் கிடைத்ததா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

மாமியின் யோசனையைப் பற்றி ஒளிவு மறைவு இல்லாமல் எழுதுகிறேன். அவர் பேத்தியின் மீதுள்ள கவலையில்தான் சொல்கிறார். ஆனாலும் அதைச் செய்யக்கூடாது. நோயில்லாத கருப்பையை எடுப்பது பெரிய சத்திரசிகிச்சை. மாதவிடாயைச் சமாளிப்பதற்கு அது தேவையில்லை. உதிரப்போக்கு மிக அதிகம், வலி தாங்கமுடியவில்லை, அந்த நாட்களில் வலிப்பு கூடுகிறது என்றால் மாவட்ட வைத்தியசாலையின் பெண்நோயியல் நிபுணரிடம் அதற்கு மருந்துகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கருப்பையை எடுப்பது துன்புறுத்தலைத் தடுக்காது. கர்ப்பத்தை மட்டும் தடுக்கும். அதாவது நடந்ததை வெளிக்காட்டக்கூடிய ஒரு அடையாளம் இல்லாமல் போகும். செய்தவருக்கு அது வசதி, பிள்ளைக்கு அல்ல. இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐக்கிய நாடுகளின் சமவாயம், இப்பிள்ளைகளும் மற்றவர்களைப் போலத் தம் கருவளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உடையவர்கள் என்று கூறுகிறது. வயதுக்கேற்ற இனப்பெருக்க சுகாதார அறிவைப் பெறும் உரிமையும் அதே 23ஆம் உறுப்புரையில்தான் இருக்கிறது.

அந்தப் பையனைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசிக்கும்போது அவனுடைய தாயை நினைத்துக்கொண்டேன். கூட்டத்தில் அவர் தலைகுனிந்து இருந்திருப்பார். 15 வயதில் தன் உறுப்பைத் தொடுவது பெரும்பாலான பையன்கள் செய்வது. மற்றவர்கள் மறைவில் செய்கிறார்கள், இவனுக்கு மறைவு எது, வெளி எது என்று எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடித்தால் செயல் நிற்காது, ஒளிந்து செய்யவும் உடம்பை வெறுக்கவும் பழகும். முதலில் சொறி, பூஞ்சணப் புண், இறுக்கமான உடுப்பு போன்ற காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு, ஒவ்வொரு முறையும் அமைதியான குரலில் ஒரே வசனத்தை, 'இது தனிமையில் செய்வது, வகுப்பில் அல்ல' என்று சொல்லி, கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். வீட்டிலும் பாடசாலையிலும் எல்லோரும் அதே வசனத்தைச் சொல்ல வேண்டும். இன்னொருவர் உடலைக் கேட்காமல் தொடக்கூடாது என்ற விதி அவனுக்கும் உண்டு. ஐந்து வயதில் எல்லோரையும் கட்டிப்பிடிக்கவிட்டு இரசித்துவிட்டு, 15 வயதில் அதையே செய்யும்போது பொலிஸைக் கூப்பிடுவது நியாயம் அல்ல. அவனும் துன்புறுத்தப்படக்கூடிய பிள்ளைதான் என்பதைப் பெண்பிள்ளைகளின் தாய்மார் மறந்துவிடக்கூடாது. ஆண்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையால் எங்கள் ஊர்களில் பல பையன்களின் துன்பம் கேட்பாரற்றுப் போயிருக்கிறது. இந்த வகுப்பு உங்கள் மகளுக்கு எவ்வளவு தேவையோ அதே அளவு அவனுக்கும் தேவை. அவனை விலக்கும்படி கேட்காதீர்கள்.

ஆசிரியையிடம் கேட்க வேண்டியவை இவை. படிப்பிக்கப் பயன்படுத்தும் படங்களையும் பொம்மைகளையும் பெற்றோருக்கு முன்கூட்டியே காட்டுவாரா? முதல் வகுப்புகளில் தாயோ தந்தையோ உடன் இருக்கலாமா? பிள்ளையுடன் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்பார்களா? எந்தப் பிள்ளையின் உடலையும் உதாரணமாகக் காட்டுவதில்லை என்பது உறுதியா? மாதவிடாய் போன்ற பகுதிகளில் ஆணும் பெண்ணும் வேறாக இருப்பார்களா? வகுப்பின் நடுவே ஒரு பிள்ளை தனக்கு நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டால் அவர் என்ன செய்வார்? கடைசிக் கேள்விக்கு அவரிடம் தெளிவான பதில் இல்லை என்றால், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை அழைத்துப் பேசிய பிறகே தொடங்கச் சொல்லுங்கள். மறுத்த பெற்றோரையும் விட்டுவிடாமல் அந்தப் படங்களைப் பார்க்கவாவது அழையுங்கள். பார்க்காத பாடத்தைப் பற்றிய கற்பனைதான் பலரைப் பயமுறுத்துகிறது. வீடு சொல்லிக்கொடுக்கும் என்று பாடசாலையும், பாடசாலை பார்த்துக்கொள்ளும் என்று வீடும் நினைத்து, நடுவில் பிள்ளை ஒன்றும் கேளாமலே வளர்ந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் ஆசிரியை தாமாக முன்வந்திருக்கிறார். அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள்.

நினைக்கவே கூசுகிற ஒன்றையும் எழுதவேண்டியிருக்கிறது. என்றாவது மகள் எதையாவது வந்து சொன்னால் முகத்தை மாற்றாமல் கேளுங்கள். 'உண்மையா, பொய்யா' என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். குளிப்பாட்டாமல், உடுப்பைக் கழுவாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை 'சம்மதித்தது' என்ற பேச்சுக்கு 1995 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இடமில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்போம் என்றோ, மானம் போய்விடும் என்றோ எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

உங்கள் கணவருடன் விவாதித்து வெல்ல முயலவேண்டாம். இக்கடிதத்தை அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கிணற்றடிக்கு ஒரு மறைப்புக் கட்டித் தரும்படி கேளுங்கள். மகளின் பாதுகாப்புக்காகத் தன் கையால் ஒன்றைச் செய்த தந்தை, அடுத்த கூட்டத்துக்கு உங்களுடன் வந்து அமர்வது எளிதாகும். தந்தையர் வராத கூட்டங்களில் எடுத்த முடிவுகள் பின்னர் வீட்டில் கவிழ்ந்துபோவதை நான் கண்டிருக்கிறேன்.

கூறையைப் பற்றி மகள் மீண்டும் பேசினால், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நீங்கள் அவளுடன் இருந்து பேசுங்கள். 'என்ன நிறக் கூறை வேண்டும்?' என்று கேளுங்கள். பெரியவர்களாகி, ஒருவரை ஒருவர் விரும்பி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடிகிறவர்கள் கலியாணம் செய்கிறார்கள் என்று சொல்லுங்கள். நடக்கும் என்று வாக்குக் கொடுக்கவேண்டாம்; உனக்கு அதெல்லாம் இல்லை என்றும் சொல்லவேண்டாம். 12 வயதில் எந்தப் பிள்ளையின் கலியாணத்தையும் நாம் முடிவுசெய்வதில்லை. உங்களிடம் உள்ள நல்ல சேலையை ஒருநாள் அவளுக்கு உடுத்திவிடுங்கள். மடிப்பு வைக்கும்போது எங்கே பிடிக்கப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அவள் 'ம்' என்று சொன்ன பிறகு பிடியுங்கள்.